'அறனோ மற்று இது?' – புறம் 12 புகழ்ச்சியா, கேள்வியா?

கூடல்வாசி (இழையைத் தொடங்கியவர்), சனி இரவு 9.40

எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சனிக்கிழமை தோறும் புறநானூறு படிக்கிறோம். வாரத்துக்கு ஒரு பாட்டு, அப்புறம் டீ. இந்த வாரம் 12. ஐந்தே வரிதான், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். இரண்டரை மணி நேரம் ஆயிற்று, டீ ஆறிப்போனது, இன்னும் முடிந்தபாடில்லை. அதனால் இங்கே கொண்டுவருகிறேன்.

பாணர் தாமரை மலையவும், புலவர்
பூநுதல் யானையொடு புனைதேர் பண்ணவும்,
அறனோ மற்று இது, விறல்மாண் குடுமி!
இன்னா வாகப் பிறர்மண் கொண்டு
இனிய செய்தி நின் ஆர்வலர் முகத்தே?

பாடியவர் நெட்டிமையார். பாடப்பட்டவன் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. பாணர்கள் பொற்றாமரை சூடுகிறார்கள், புலவர்களுக்கு யானையும் தேரும் கிடைக்கின்றன. அடுத்தவன் மண்ணை அவனுக்குத் துன்பம் வரப் பிடுங்கி, உன்னை விரும்பி வந்தவர்களுக்கு இன்பம் செய்கிறாய், இது அறமா குடுமி?

பழிப்பது போலப் புகழ்வது என்று உரைகள் சொல்கின்றன. சரி. ஆனால் இதே நெட்டிமையார் இதே குடுமியை இன்னும் இரண்டு இடத்தில் பாடியிருக்கிறார். 9-ல், போருக்கு முன்னால் பசு, பார்ப்பனர், பெண்கள், நோயாளிகள், பிள்ளை இல்லாதவர்கள் எல்லோரும் அரணுக்குப் போய்விடுங்கள், அம்பு விடப்போகிறோம் என்று அறிவிக்கும் அறநெறிக்காரன் அவன். 15-ல், பகைவரின் கோட்டைத் தெருவில் கழுதையைப் பூட்டி உழுது பாழாக்கியவன், விளைந்து கிடந்த வயலில் குதிரைத் தேர் ஓட்டியவன், அவர்கள் காத்து வைத்திருந்த குளத்தில் யானையை இறக்கியவன். மூன்றுமே பாடாண் திணை (தலைவனின் புகழைப் பாடும் வகை), அதில் இயன்மொழித் துறை. அதாவது 'உன் இயல்பு இது' என்று ராஜா முகத்துக்கு நேரே சொல்கிற வகை.

இந்த மூன்றையும் ஒருவரே பாடியிருக்கிறார் என்றால், 12-ல் வரும் 'அறனோ' வெறும் அலங்காரம்தானா?

புலியூரான், சனி இரவு 10.15

ஐயா, இதில் குழப்பமே இல்லை. பழிப்பது போலப் புகழ்வது நம் கவிதையில் பழகிய வழி. 'இப்படி அள்ளிக் கொடுக்கிறாயே, இது நியாயமா?' என்று கல்யாண வீட்டில் மாமனாரைக் கேலி செய்வதில்லையா, அந்த மாதிரி. பரிசில் வாங்கப் போன புலவர், கொடுக்கிறவனிடம் போய் நீ செய்வது அநியாயம் என்பாரா?

9-ம் பாட்டை நீங்கள் சாதாரணமாகக் கடந்துவிட்டீர்கள். போரில் பொதுமக்களைத் தொடக்கூடாது என்று உலகம் ஜெனிவாவில் உட்கார்ந்து எழுதியது 1949-ல். நம்மவன் ஏறக்குறைய 2,000 வருஷத்துக்கு முன்னாலேயே முன்கூட்டிச் சொல்லிவிட்டு அம்பு விட்டிருக்கிறான். அறப்போர் என்ற சொல்லே நம்முடையது. அதைப் பேசாமல் கழுதையைப் பிடித்துக்கொண்டால் எப்படி?

நெட்டைக்கொக்கு, சனி இரவு 10.22

நோட்டீஸ் ஒட்டிவிட்டு வீட்டை இடித்தால் அது அறஇடிப்பு. ஒப்புக்கொள்கிறேன்.

முல்லைக்கொடி, சனி இரவு 11.05

கொக்கு வழக்கம்போலக் கொத்திவிட்டுப் பறந்துவிட்டது. ஆனால் அதில் விஷயம் இருக்கிறது.

போர் தொடங்கியதே நியாயமா என்பது ஒரு கேள்வி. தொடங்கிய போரை நியாயமாக நடத்தினாயா என்பது வேறு கேள்வி. சட்டம் படித்தவர்களுக்கு இந்தப் பிரிவு பழக்கம். புறம் 9 இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறது: ஆமாம், எச்சரித்துவிட்டுத்தான் அடித்தான். புறம் 12 முதல் கேள்வியைத் தொடுகிறது: அந்த மண் உனக்கு எதற்கு? இரண்டாவதற்கு ஆயிரம் நல்ல பதில் வைத்திருந்தாலும் முதலாவது அப்படியே நிற்கும்.

புலியூரான் சார், ஜெனிவா ஒப்பீடு எனக்கும் பிடிக்கும், ஆனால் பட்டியலைக் கவனியுங்கள். 1949 உடன்படிக்கை பார்ப்பது ஒருவர் சண்டையில் பங்கெடுக்கிறாரா இல்லையா என்பதை. நெட்டிமையார் பட்டியல் அப்படி இல்லை. பசு, பசுவைப் போன்ற இயல்புடைய பார்ப்பனர், பெண்டிர், பிணியாளர், முன்னோருக்குக் கடன் செய்யப் பிள்ளை பெறாதவர். கடைசி ஆளைப் பாருங்கள். அவன் வாளேந்திய மறவனாகவே இருக்கலாம், அவனுக்கும் விலக்கு உண்டு, பிள்ளை இல்லை என்பதால். இது யாரைக் கொன்றால் பாவம் ஒட்டும் என்ற கணக்கு. உழவன் அதில் இல்லை. அவன் வயல்தான் 15-ல் தேர் ஓடும் மைதானமாகிறது.

இன்னொன்று. இதே குடுமியைக் காரிகிழார் பாடியது புறம் 6. அதில் அவனுக்கு ஒரு வாழ்த்து: தராசு முள் போல ஒரு பக்கம் சாயாமல் இரு. அதே பாட்டில் இன்னொரு வாழ்த்து: பகைவர் நாட்டைச் சுடுகிற புகை பட்டு உன் கண்ணி (தலையில் சூடும் மாலை) வாடட்டும். தராசும் தீயும் ஒரே மூச்சில் வருகின்றன. பாடியவருக்கு இதில் முரண்பாடு தெரிந்ததற்கான சுவடே இல்லை. அதனால்தான் நெட்டிமையார் 'அறனோ' என்று வாய் திறந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

புலியூரான், ஞாயிறு காலை 7.10

இன்றைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அன்றைய ஆளை அளக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். எந்த நாட்டு ராஜா அன்றைக்கு வயலை எரிக்கவில்லை? எரிக்காத ஊர் இருந்தால் காட்டுங்கள். எல்லோரும் எரித்தார்கள், நம்மவன் சொல்லிவிட்டு எரித்தான். அந்த வித்தியாசத்தையாவது ஒப்புக்கொள்ள மனசு வரவேண்டும்.

புதுவரவு, ஞாயிறு காலை 8.32

நான் புதுசு, தப்பாக இருந்தால் மன்னிக்கவும். 'இனிய செய்தி' என்றால் நல்ல நியூஸ் என்றுதானே அர்த்தம்? பிறர் மண்ணைக் கொண்டது ஆர்வலர்களுக்கு இனிய செய்தி என்று படித்தேன். அப்படியும் பொருந்துகிறதே?

கூடல்வாசி, ஞாயிறு காலை 9.00

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு. எங்கள் கூட்டத்திலும் ஒருவர் இதையேதான் கேட்டார். இங்கே 'செய்தி' வினைமுற்று. நீ செய்கிறாய் என்று முன்னிலை ஒருமை. 'இனிய செய்தி' என்றால் இனியவற்றைச் செய்கிறாய். ஆனால் உங்கள் தப்பான அர்த்தம் உண்மையான அர்த்தத்தை விடக் காரமாக இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள்.

புலியூரானுக்கு: ஒப்புக்கொள்கிறேன், சொல்லிவிட்டு எரித்தது சொல்லாமல் எரித்ததை விட மேல். ஆனால் 'எல்லோரும் அப்படித்தான், அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை' என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. கோவூர் கிழாரைப் பாருங்கள்.

ஒரே குடியைச் சேர்ந்த இரண்டு சோழர்கள், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொள்கிறார்கள். நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறான். கோவூர் கிழார் அவனிடம் சொல்வது புறம் 44. யானைகள் குளத்தில் படியவில்லை, நெல்லும் நெய்யும் கலந்த கவளம் இல்லை. பால் இல்லாமல் குழந்தைகள் அலறுகின்றன. பெண்கள் பூ இல்லாத வெறுந்தலையை முடிகிறார்கள். வீடுகளில் தண்ணீர் இல்லை, அழுகைதான் கேட்கிறது. இதை நடுவில் வைத்துவிட்டு, அறவழிக்காரன் என்றால் 'உனது' என்று சொல்லிக் கதவைத் திற, மறவழிக்காரன் என்றால் போரோடு திற, இரண்டும் இல்லாமல் மதிலுக்குள் ஒதுங்கிக் கிடப்பது வெட்கம் என்கிறார்.

அடுத்தது 45. உறையூரில் இருக்கிறான் நெடுங்கிள்ளி, முற்றுகை போட்டிருப்பவன் நலங்கிள்ளி. உன்னோடு பொருகிறவன் பனம்பூ சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியன் இல்லை. உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. 'ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே. இருவீர் வேறல் இயற்கையும் அன்றே.' யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி, இரண்டு பேரும் ஜெயிப்பது நடக்காத காரியம். நடுவிலே நின்று இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி சொன்னது இது.

46 எனக்குத் தொண்டையை அடைக்கும். சோழன் கிள்ளிவளவன், சிற்றரசன் மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். நீ புறாவின் துன்பம் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்கள் புலவர்களின் பசிக்கு அஞ்சித் தங்கள் சோற்றைப் பகிர்ந்து உண்டவர்களின் பிள்ளைகள் என்று ஆரம்பிக்கிறார். அப்புறம் அந்தப் பிள்ளைகளைக் காட்டுகிறார். யானையைப் பார்த்த வேடிக்கையில் அழுகையை மறந்துவிட்டன. மன்றத்தை மருண்டு மருண்டு பார்க்கின்றன. அவ்வளவுதான். 'கேட்டனை ஆயின் நீ வேட்டது செய்ம்மே.' நான் சொன்னதைக் கேட்டாய் அல்லவா, இனி உன் இஷ்டம். பாட்டுக்குக் கீழே உள்ள குறிப்பு 'பாடி உய்யக் கொண்டது' என்கிறது. பிழைத்தார்கள்.

47-லும் ஓர் உயிர் தப்புகிறது. உறையூருக்குள் வந்த இளந்தத்தன் என்ற புலவனை ஒற்றன் என்று நெடுங்கிள்ளி கொல்லப் போகிறான், அதையும் கோவூர் கிழார் தடுக்கிறார். அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை என்று இந்த மனுஷனை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

முல்லைக்கொடி, ஞாயிறு மதியம் 1.20

கோவூர் கிழாரை நான் வேறு மாதிரி படிப்பேன், தொழில் கோளாறு. 45, 46, 47 மூன்றுக்கும் துறை துணைவஞ்சி. சந்து செய்தல், அதாவது இடையில் புகுந்து சமாதானம் பேசுதல். போரை நிறுத்தப் பாடுவதற்கென்று ஒரு துறையே இருந்திருக்கிறது.

அந்தத் துறையில் உள்ள பாட்டுகளை வரிசையாக வைத்து, என்ன வாதம் வைக்கிறார்கள் என்று பாருங்கள். 45-ல் குடிப்பெருமை. 46-ல் புறாவுக்காகத் தன்னையே கொடுத்த முன்னோன் பெயர். 36-ல் ஆலத்தூர் கிழார், கருவூரை முற்றுகையிட்டிருக்கும் கிள்ளிவளவனிடம், காவல் மரத்தை (அரசன் தன் அடையாளமாகக் காத்து வளர்க்கும் மரம்) வெட்டும் சத்தம் அரண்மனைக்குள் கேட்டும் வெளியே வராதவனோடு சண்டை போடுவது உனக்கே வெட்கம் என்கிறார். 57-ல் காரிக்கண்ணனார் கேட்பதைப் பாருங்கள்: நாட்டைக் கொள்ளையிடு, ஊரை எரி, ஆனால் காவல் மரத்தை மட்டும் வெட்டாதே. ஏனாம்? உன் யானைகளைக் கட்ட அந்த மரம் தாங்காது! 213-ல் கோப்பெருஞ்சோழன் தன் மகன்கள் மீதே படையெடுக்கிறான். புல்லாற்றூர் எயிற்றியனார் சொல்கிறார், நீ ஜெயித்தால் நாட்டை யாருக்கு விட்டுப் போவாய், தோற்றால் பகைவர் சிரிப்பார்கள்.

ஒருவர்கூடக் கொல்வது தப்பு என்று சொல்லவில்லை. சொன்னால் வேலைக்கு ஆகாது என்று தெரியும். ஜாமீன் மனு போடும்போது என் கட்சிக்காரர் உத்தமர் என்று நான் வாதாடினால் நீதிபதி கடிகாரத்தைப் பார்ப்பார். வயதான தாய் இருக்கிறார், நிரந்தர முகவரி இருக்கிறது, ஓடிப்போக மாட்டார், இதுதான் எடுபடும். உள்ளே இருக்கும் ஆளை வெளியே கொண்டுவருவதுதான் வேலை, நியாயத்தை நிலைநாட்டுவது அப்புறம். புறம் 57-ன் வாதத்தைப் படித்துச் சிரித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் யோசித்தேன், அந்த மனுஷருக்கு மரம் ஒன்றையாவது காப்பாற்ற வேண்டியிருந்திருக்கிறது. ராஜாவுக்கு யானை பிடிக்கும். யானையை வைத்துக் கேட்டார்.

அதனால் 'அறனோ' வேடமா, உண்மையா என்று பிரிக்கவே முடியாது என்பது என் கட்சி. வேடம் போட்டால்தான் அந்தச் சபைக்குள் அந்தச் சொல் நுழைய முடியும். யானையும் தேரும் வாங்குகிற கூட்டத்தில் தானும் இருப்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார், கவனியுங்கள். பாணர், புலவர். தன் இனத்தையே குற்றப் பத்திரிகையில் முதலில் சேர்த்திருக்கிறார்.

புலியூரான், ஞாயிறு மாலை 4.45

கடைசிப் பத்தி என்னைக் கொஞ்சம் அசைத்தது, மறைக்கவில்லை. புலவரும் பங்காளி என்ற கோணத்தில் நான் படித்ததில்லை. ஆனாலும் இலக்கணம் இலக்கணம்தான். 'இயன்மொழி' என்றுதான் துறை போட்டிருக்கிறார்கள், 'செவியறிவுறூஉ' என்று போடவில்லை. அரசனுக்கு அறிவுரை சொல்லத் தனித் துறை இருக்கும்போது, இதை அதில் சேர்க்காதது ஏன்? பழையவர்களுக்கு நம்மை விடக் கொஞ்சம் தெரிந்திருக்கும்.

நெட்டைக்கொக்கு, ஞாயிறு மாலை 5.30

துறை போட்டவர் பாட்டுப் பாடியவர் இல்லையே அண்ணே. தொகுத்தவர்கள் பின்னால் எழுதிச் சேர்த்ததுதானே திணையும் துறையும். நெட்டிமையார் பாடி முடித்து 'குறித்துக்கொள்ளுங்கள், இயன்மொழி' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பாரா?

இன்னொன்று, வக்கீலம்மா சொன்ன 'எந்தச் சபையில்' என்ற விஷயத்துக்கு. அசோகனின் 13-ம் பாறைக் கல்வெட்டு எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். முடிசூட்டி எட்டாம் ஆண்டில் கலிங்கத்தை வென்றான், ஒன்றரை லட்சம் பேர் ஊரை விட்டுக் கொண்டுபோகப்பட்டார்கள், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், அதற்கும் மேலே பல மடங்கு பேர் மாண்டார்கள், மனம் வருந்துகிறேன் என்று அவனே சொல்கிறான். சோழர், பாண்டியர் பெயரும் அதே கல்வெட்டில் வருகிறது. கிர்னாரில் இருக்கிறது, கால்சியில் இருக்கிறது, ஆந்திராவில் எர்ரகுடியில்கூட இருக்கிறது.

கலிங்கத்தில் இல்லை. தௌலியிலும் ஜௌகடாவிலும் மற்ற கட்டளைகளை வெட்டியவர்கள் 11, 12, 13 மூன்றையும் விட்டுவிட்டு, அந்த இடத்துக்கு வேறு இரண்டு கட்டளைகளைப் போட்டார்கள். எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று அதில் வரும். அடி வாங்கிய ஊரைத் தவிர மற்ற ஊரிலெல்லாம் 'வருந்துகிறேன்' பலகை.

அந்த 13-ம் கல்வெட்டிலேயே காட்டில் வாழ்கிறவர்களுக்கு ஒரு மிரட்டலும் உண்டு. வருந்தினாலும் எனக்குப் பலம் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும் என்று. மனசு மாறிய சக்கரவர்த்தியே இப்படி என்றால், குடுமியை நான் ரொம்பத் திட்டமாட்டேன்.

புதுவரவு, ஞாயிறு மாலை 5.41

அப்போ கலிங்கத்துப்பரணியும் அதே ஊர்தானே?

நெட்டைக்கொக்கு, ஞாயிறு மாலை 5.50

அதே ஊர்தான் தம்பி. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கும் மேலே கழித்து, முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கருணாகரத் தொண்டைமான் படை எடுத்துப் போகிறான். திறை கட்டவில்லை, அதுதான் காரணம். செயங்கொண்டார் பாடினார். களத்தில் பேய்கள் கூழ் அட்டுக் குடித்து ராஜாவை வாழ்த்தும். அந்தக் கூழ் காய்ச்சும் இடத்தைச் சும்மா சத்தம் போட்டுப் படித்துப் பார், கவிதை பிரமாதமாக இருக்கும். அதுதான் பிரச்சினையே.

தென்மராட்சியாள், ஞாயிறு இரவு 11.58

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. புறம் 9 பற்றி ஒன்று சொல்லவேண்டும் போல இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30. எனக்குப் பதினொரு வயது. பின்னேரம் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒழுங்கைக்குள் வந்தது, எல்லோரும் உடனே வெளிக்கிடுங்கோ என்று. போரைச் செய்த எல்லாத் தரப்புக்கும் அவரவர் காரணம் இருந்திருக்கும், அதை நான் இங்கே பேச வரவில்லை. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் முழுக்க அந்த இரவில் தெருவில் இறங்கியது. மழை. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அப்பா சயிக்கிளை உருட்டினார், ஓட இடமில்லை. அம்மம்மாவைக் கரியரில் இருத்தி நான் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வெளிக்கிட முன்னம் அம்மா மாட்டை அவிழ்த்து விட்டா. கட்டியிருந்தால் தண்ணி இல்லாமல் செத்துப்போகும் என்று. அது எங்களுக்குப் பின்னால் சந்தி வரைக்கும் வந்தது.

பள்ளிக்கூடத்தில் பிறகு 'ஆவும் ஆனியற் பார்ப்பன மாக்களும்' படிப்பித்தபோது ரீச்சர் பெருமையாகத்தான் சொன்னா. எனக்கு மனதில் நின்றது ஒரு சொல்தான். 'நும் அரண் சேர்மின்.' உங்கள் அரணுக்குப் போய்ச் சேருங்கள். அறிவித்தவர்களுக்கு அது ஒரு வரி. அரண் எங்கே என்று எங்களுக்குத்தானே தெரியவேண்டும். நாங்கள் சேர்ந்தது கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தை.

அறிவித்தது பிழை என்று சொல்லவில்லை. அறிவித்ததால் உயிரோடு இருக்கிறேன் என்றும் ஒருவர் சொல்லலாம். புலியூரான் ஐயா கோவிக்கக்கூடாது. அந்தப் பாட்டை நீங்கள் வில்லுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறீர்கள். எனக்கு அப்படி வாசிக்க வராது.

புலியூரான், திங்கள் காலை 6.20

கோபம் ஒன்றும் இல்லை அம்மா. இரவே படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடிவிட்டுப் படுத்தேன்.

மட்டுறுத்துநர், திங்கள் காலை 9.15

மேலே உள்ள பதிவுக்குப் பிறகு வந்த நான்கு பதில்களை நீக்கியிருக்கிறேன். யார் சரி, யார் துரோகி என்று அடித்துக்கொள்ள வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே பாட்டைப் பற்றிப் பேசுங்கள்.

சிலம்புப்பித்தன், திங்கள் மாலை 7.30

இரண்டு நாளாக வாய் நமநமத்தது. புறம் 9-ன் விலக்குப் பட்டியல் எங்கே மறுபடி வருகிறது தெரியுமா? மதுரை எரியும்போது. கண்ணகி தீக்கடவுளிடம் சொல்கிறாள்: 'பார்ப்பார் அறவோர் பசுப் பத்தினிப் பெண்டிர் மூத்தோர் குழவி எனும் இவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க.' கிட்டத்தட்ட அதே பட்டியல். கிழவர்களும் குழந்தைகளும் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். ராஜா அம்புக்குச் சொன்னதை ஒரு வணிகர் வீட்டுப் பெண் தீக்குச் சொல்கிறாள். நியாயம் கேட்டு வந்தவளும் ஆயுதம் கையில் வந்ததும் ராஜாவின் மொழியைத்தான் பேசவேண்டியிருக்கிறது.

சரி, தீத்திறத்தார் யார்? சிலப்பதிகாரத்தின் முன்னால் உரைநடையில் வரும் உரைபெறு கட்டுரையில் பதில் இருக்கிறது, நம் மேடைகளில் யாரும் அதைச் சொல்வதில்லை. பாண்டிய நாட்டில் மழை இல்லை, வெப்புநோய். கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் 'பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று' கண்ணகிக்குக் களவேள்வி செய்தான், மழை பெய்தது. சிலம்பைத் திருடியவன் ஒரே ஒரு பொற்கொல்லன். ஆயிரம் பேர் செத்தார்கள். வஞ்சிக் காண்டத்திலும் இந்த எண்ணிக்கை 'ஈரைஞ்ஞூற்றுவர்' என்று மறுபடி வருகிறது. விசாரிக்காமல் ஒருவனைக் கொன்றது அநீதி என்று ஒரு காப்பியம் முழுக்க அழுதுவிட்டு, விசாரிக்காமல் ஆயிரம் பேரைக் கொன்றதைச் சாந்தி என்று உரைநடையில் ஒரு வரியில் கடந்துபோகிறோம்.

சேரன் செங்குட்டுவனும் அப்படித்தான். நீதி கேட்ட பெண்ணுக்குச் சிலை வைக்க வடக்கே போய்ப் போர். தேவாசுரப் போர் 18 ஆண்டு, இலங்கைப் போர் 18 மாதம், பாரதப் போர் 18 நாள், இவன் போர் 18 நாழிகை என்று பெருமையாகக் கணக்குச் சொல்கிறது நீர்ப்படைக் காதை. தோற்ற வடநாட்டு அரசர்கள் கனகனும் விசயனும் சிலைக்கான கல்லைச் சுமந்தார்கள். ஆனால் இளங்கோ அங்கே ஒரு வேலை செய்கிறார், அதற்காகத்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். பிடிபட்ட அரசர்களைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வரச் சொல்லி அனுப்புகிறான் செங்குட்டுவன். அவர்கள் பாராட்டவில்லை. தவவேடம் போட்டு ஓடியவனைப் பிடித்தது என்ன வீரம் என்கிறார்கள். இவனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது, அடுத்த போர் தயார். அப்போது மாடலன் என்ற மறையவன் குறுக்கே நின்று, மறக்களம் போதும், வேள்விக்குத் திரும்பு என்கிறான். கைதிகள் விடுதலை ஆகிறார்கள். கோவூர் கிழாரின் வேலைதான், வேறு வாய்.

முல்லைக்கொடி, திங்கள் இரவு 9.10

அந்த ஆயிரம் பேர் எனக்கு நினைவே இல்லை. பள்ளியில் படித்து, மேடையில் பேசி, பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன்.

'பிறர் மண்' பற்றி ஒரு கடைசிச் செய்தி சொல்லிவிட்டுப் போகிறேன் (நல்ல நியூஸ் இல்லை, புதுவரவு). குடுமி கொடுத்த மண் ஒன்றின் கதை நமக்குத் தெரியும். வேள்விக்குடி. கொற்கைகிழான் நற்கொற்றன் என்பவனுக்கு வேள்வி முடிக்கக் கொடுத்த ஊர். பின்னால் களப்பிரர் காலத்தில் பறிபோயிற்று. நூற்றாண்டுகள் கழித்து, எட்டாம் நூற்றாண்டில் பாண்டியன் நெடுஞ்சடையன் மதுரை வீதியில் வரும்போது அந்த வழியில் வந்த காமக்காணி நற்சிங்கன் முறையிடுகிறான். ராஜா சிரித்துக்கொண்டு, நாட்டாரை வைத்துப் பழமையை நிரூபித்து வாங்கிக்கொள் என்கிறான். இவன் நிரூபிக்கிறான். ஊர் திரும்பக் கிடைக்கிறது. செப்பேட்டில் எல்லாம் இருக்கிறது. மனுதாரர், எதிர் ஆக்கிரமிப்பு, சாட்சி, தீர்ப்பு, என் கண்ணுக்கு அசல் உரிமைவழக்கு.

அதே குடுமி 'இன்னாவாகப்' பிடுங்கிய மண்களுக்குச் செப்பேடு இல்லை. யாருடைய ஊர், என்ன பெயர், யார் முறையிட்டார், ஒன்றும் இல்லை. அந்த வழக்கில் மிச்சம் இருக்கிற ஒரே காகிதம் புறம் 12. அதுவும் புகழ்ச்சி என்ற தலைப்பில் கோப்பில் சேர்ந்திருக்கிறது.

கூடல்வாசி, செவ்வாய் காலை 8.05

எல்லோருக்கும் நன்றி. அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோகிறேன். தென்மராட்சியாள் அக்காவின் பதிவை மட்டும் அவர் அனுமதி கொடுத்தால்தான் வாசிப்பேன்.

வரும் சனிக்கிழமை 15-ம் பாட்டு. எங்கள் கூட்டத்தில் விவசாயம் தெரிந்தவர் யாரும் இல்லை, எல்லோரும் பேங்க், மின்வாரியம். கழுதை பூட்டி உழுதால் நிலம் உண்மையிலேயே பாழாகுமா? அவ்வையார் பாடிய 392-லும் கழுதை ஏர் பூட்டி வெள்ளை வரகும் கொள்ளும் விதைத்ததாக வருகிறது. யாராவது சொல்லுங்களேன்.

தென்மராட்சியாள், செவ்வாய் காலை 8.40

வாசியுங்கோ. பேர் வேண்டாம்.

மடைக்காரர், செவ்வாய் இரவு 8.50

எனக்கு இரண்டு ஏக்கர் நஞ்சை, ஊர்க் குளத்துப் பாசனம். பாட்டு தெரியாது, பேரன் படித்துக் காட்டினான்.

கழுதை உழுதால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது. ஆழம் போகாது, அவ்வளவுதான். கொள்ளு விதைத்தால் இன்னும் நல்லது, மண்ணுக்குச் சத்து ஏறும். அது அவமானப்படுத்தச் செய்தது. கோட்டை இருந்த இடத்தில் மானாவாரிப் பயிர் போட்டுவிட்டோம் பார் என்று.

விளைந்த வயலில் தேர் ஓட்டினால் ஒரு போகம் போச்சு. பசி வரும், கடன் வரும், எழுந்துவிடலாம்.

அந்தப் பாட்டில் மூன்றாவதாக என்னமோ சொன்னானே, குளத்தில் யானையை இறக்கினது. அதுதான். எத்தனை யானை என்று போட்டிருக்கிறதா? படித்துறை போகும், கரை உட்காரும். மடைக்கல் ஒன்று பெயர்ந்தால் போதும், தண்ணீர் நிற்காது. கரையைத் திரும்பக் கட்ட ஊரே சேர்ந்து மண் சுமக்கவேண்டும். போர் முடிந்த ஊரில் மண் சுமக்க ஆள் எங்கே இருக்கும்?